காரில் சப்வூஃபர் பொருத்துதல்

சப்வூஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் பெரிய ஒலிபெருக்கி. இதை இயக்கத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவை. அதற்கான மின்சாரம் ஸ்டீரியோ வயரிலிருந்து அல்லாமல், பேட்டரியிலிருந்து நேராக எடுக்கப்படுகிறது.

300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரின் திறன் 60 விழுக்காடு என்றால், அது 500 வாட் இழுக்கும். இன்ஜின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டால் இதை வகுத்தால் சுமார் 36 ஆம்பியர். எனவே 40 ஆம்பியர் ஃபியூஸும், 8 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்பு வயரும் வேண்டும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பலர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் வைத்துவிடுகிறார்கள், அது ஆபத்து. இன்ஜின் அறையைப் பிரிக்கும் தகட்டில் வயர் உரசி உறை கிழிந்தால், அந்த ஃபியூஸ் எரியாது, வயர்தான் எரியும். ஆகவே தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறை போன்ற மலையடிவார ஊர்களில், சாலைக் குலுக்கலால் உரசல் கூடும். மழையால் எர்த் இணைப்பும் துருப்பிடிக்கும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் போல்ட்டால் முடுக்கி, மேலே கிரீஸ் பூசுவது நல்லது. பெட்டியையும் டிக்கியில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும்.