பட்டறைக் கண்டுபிடிப்புகளும் நம் கடைகளும்

பெரிய கம்பெனிச் சரக்கு ஏஜென்ட் மூலம் வருகிறது. அதற்கு விளம்பரம் உண்டு, சர்வீஸ் உண்டு. ஆனால் அரியமங்கலம், துவாக்குடிப் பட்டறைகளிலிருந்தோ, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்தோ, தானே செய்த கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறோம். இவ்வாறு வருபவர்களை எப்படி எடைபோடுவது என்பது குறித்து வணிக நண்பர்களுக்குச் சில செய்திகள்.

கிரைண்டர் தந்த பாடம்

ஆட்டுரலில் கல் நிற்கும்; குழவியைக் கையால் சுற்ற வேண்டும். கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் நிற்கிறது. கல் பொருத்திய பாத்திரம் மோட்டாரால் சுற்றுகிறது. இந்த மாற்றத்தை 1955-ல் கோவையில் செய்தவர் சபாபதி என்பவர். பின்னர் அங்குள்ள சிறு பட்டறைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்று, மாவைச் சாய்த்து எடுக்கும் வகை, மேசை மீது வைக்கும் வகை என்று திருத்திக்கொண்டே போயின. ஊத்துக்குளிக் கல்லும் பெயர் பெற்றது. இன்று கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆட்டுரலுக்கு ஆள் தேடிய ஓட்டல்காரர்களின் தேவையே இத்தனைக்கும் மூலம். தேவை எங்கே என்பது வாடிக்கையாளருடன் தினமும் பேசும் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

முருகானந்தம் செய்தது

கோவை அருணாசலம் முருகானந்தம், மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் முயற்சியை 1998-ல் தொடங்கினார். முதலில் பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார், சரிவரவில்லை. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து வரும் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கான வெளிநாட்டு இயந்திரத்தின் விலை சுமார் மூன்றரைக் கோடி ரூபாய். அதே வேலையை நாரைப் பிரித்தல், அழுத்துதல், உறையிடுதல், கிருமி நீக்கல் என்று தனித்தனியாகப் பிரித்து, சுமார் 75,000 ரூபாயில் சிறு இயந்திரமாக்கினார். பெரிய கம்பெனிக்கு விற்றுவிடாமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

உழவர்களின் இத்தகைய கண்டுபிடிப்புகளைப் பகிர்வதற்கென்றே மதுரை சேவா நிறுவனம் 'நம்வழி வேளாண்மை' என்ற இதழை நடத்தி வந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆதரிக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பழுதான பொருளால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்து, தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால், அல்லது அவருக்கு நோட்டீஸ் சார்வு செய்ய இயலாவிட்டால், விற்ற கடைக்காரரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார். எனவே:

1. பில் இல்லாமல் ஒரு பொருளும் கடைக்குள் வரக்கூடாது. தயாரித்தவரின் பெயர், முழு முகவரி பில்லிலும் பொருளிலும் இருக்கட்டும்.

2. பாக்கெட் சரக்கானால் அதிகபட்ச விலை, அளவு, தயாரித்த மாதம், ஆண்டு அச்சிடச் சொல்லுங்கள்.

3. மின்சாரப் பொருளில் கூடுதல் கவனம் தேவை. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாமல் விற்பது குற்றம்.

4. முதலில் ஐந்தாறு உருப்படி மட்டும் வாங்கி, தெரிந்த வாடிக்கையாளரிடம் கொடுத்துக் குறைகளைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அவருக்கும் ஒரு யோசனை

பொருளைக் கடையில் வைத்து விற்ற பிறகு காப்புரிமை கேட்டால், புதுமை போய்விட்டது என்று மனு தள்ளுபடியாகும். ஆகவே முதலில் தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்யட்டும். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. கிடைத்தால் காப்புரிமை 20 ஆண்டுகளுக்கு. மண்டலப் பொறியியல் கல்லூரியை (இன்றைய என்.ஐ.டி.) ஒட்டி 1986-ல் தொடங்கப்பட்ட ட்ரெக்-ஸ்டெப் நம் திருச்சியிலேயே இருக்கிறது. வழி தெரியாதவருக்கு அதையாவது சொல்லி அனுப்பலாம்.

பட்டறைக்காரருக்குச் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. நமக்கு விற்கத் தெரியும். அவர் பையைத் திறந்து காட்டப் பத்து நிமிடம் ஒதுக்குவதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை.