கண்புரையும் வாசிப்பும்

எம் தந்தையார் லுணுகலையை அடுத்த தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக் கோவிலில் மாரியம்மன் தாலாட்டைப் புத்தகம் பார்த்துப் படிப்பது அவர் வழமை. சில ஆண்டுகட்குமுன், புத்தகத்தை விரித்தபடியே மனனத்தாற் பாடுகின்றாரென யாம் கண்டுகொண்டோம். அவர் பக்கம் புரட்ட மறந்தமையே அதனைக் காட்டிற்று. கண்புரை என்றார் பதுளை வைத்தியர். “கத்தி வேண்டாம்” என்றார் தந்தையார்.

கண்புரையாவது கண்மணியின் பின்னுள்ள வில்லை மங்குதலாம். துளிமருந்து எதுவும் அதனைக் கரைப்பதாக நிறுவப்படவில்லை. ஆயினும், சத்திரசிகிச்சைக்கு உடன்படாதார் வாசிப்பைக் கைவிட வேண்டியதில்லை. புரை வளருங்காற் பார்வையளவு மாறுமாதலின், முதற்கண் மூக்குக்கண்ணாடியைப் புதிதாகப் பெறுதல் வேண்டும். விளக்கொளி தோளின் பின்னிருந்து தாளில் விழவேண்டும், கண்ணிற் படலாகாது. கறுப்பு அட்டையில் ஓரிரு வரி தெரியுமளவு நீள்துளை வெட்டித் தாளின்மேல் வைப்பின், வெண்டாளின் கூச்சம் அடங்கி எழுத்துத் துலங்கும். உருப்பெருக்குக் கண்ணாடியும், எழுத்தைப் பெரிதாக்கும் கைத்தொலைபேசியும் துணையாம். வில்லையின் பின்புறத்தே புரை படர்ந்தோர்க்கு மிக்க ஒளி இடையூறாதலின், அவர் ஒளியைக் குறைத்துப் பார்த்தல் நன்று.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே, 1912இற் புரை கண்டறியப்பட்டும் அஞ்சிக் காலங்கடத்தினார். வண்ணக்குழாய்களின் பெயர்ச்சீட்டைக் கொண்டே நிறந்தெரிந்தார். 1923இல், 82 வயதிலேயே உடன்பட்டார். அக்காலத்து அச்சம் நியாயமானதே. பலநாள் அசையாது கிடத்தலும், பின்னர்த் தடித்த கண்ணாடி அணிதலும் அன்று வேண்டியிருந்தன. 1949இல் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுட் பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்ள்ஸ் கெல்மன், மிகையொலியாற் புரையை நொறுக்கி எடுக்கும் முறையைக் கொணர்ந்தார். இன்று கண்ணை மாத்திரம் விறைக்கச்செய்து சிகிச்சை முடித்தபின், பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர்.

காத்திருத்தல் பெரும்பாலும் கேடன்று. ஆனால் வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக்குறைவு தோன்றின் அன்றே வைத்தியரை நாடுக. முற்றிய புரை கண்ணழுத்தத்தைக் கூட்டுவதும் உண்டு. நீரிழிவுடையார் விழித்திரையையும் சோதிப்பித்தல் இன்றியமையாதது.

தந்தையார் ஈராண்டு கறுப்பட்டையோடு படித்தார். யாம் வற்புறுத்தவில்லை, கேட்டவற்றிற்கு மாத்திரம் விடையிறுத்தோம். அட்டையும் உதவாத ஒருநாள், “தம்பி, பதுளைக்குப் போவோம்” என்றார். அடுத்த திருவிழாவில், உரிய இடத்திற் பக்கம் புரட்டினார். பெரியோரின் அச்சத்தை இகழாது, அறிந்ததைச் சொல்லி உடனிருத்தலே மக்கட்குக் கடனாம்.