ஸ்பீக்கர் உட்காரும் பலகை

காரில் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லையென்றால் நம்மில் பலர் முதலில் ஸ்பீக்கரை மாற்றுவோம். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஆம்பிளிஃபயர், பிறகு பின்பெட்டியில் ஒரு சப்ஊஃபர் எனச் செலவு வளர்ந்துகொண்டே போகும். அந்த ஸ்பீக்கர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கடந்த பருவ விடுமுறையில் எங்கள் வீட்டுப் பழைய காரின் இரண்டு முன்கதவுகளுக்கும் கண்ணாடி இழையில் ஸ்பீக்கர் பலகை செய்தேன். எல்லாரும் ‘ஃபைபர்’ என்று சொல்வது இந்தக் கண்ணாடி இழையைத்தான். எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு பட்டறையில் வேலை நடந்தது. அதன் உரிமையாளர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃபைபர் வேலை செய்பவர். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். யார் யாருக்குப் பாடம் நடத்தினார் என்பது போகப் போகத் தெரியும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். படிவம் 4 இயற்பியலில் ‘இண்டர்ஃபெரென்ஸ் மெமுஸ்னா’ என்று மனனம் செய்தோமே, அதேதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை கதவிலுள்ள ஓட்டைகள் வழியாகச் சுற்றி வந்து முன்பக்க ஒலியை விழுங்குவது எளிது. உறுமி மேளப் பாட்டைப் போட்டால் குச்சியின் ‘டக்டக்’ கேட்கும். நெஞ்சில் வந்து மோத வேண்டிய உறுமல் காணாமல் போயிருக்கும். ஸ்பீக்கர் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஆகவே பலகை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், தானாக அதிரவும் கூடாது. மரப்பலகை போதாதா என்று கேட்கலாம். மரம் தட்டையானது, கார்க் கதவோ எங்கும் வளைவு. அதோடு ஸ்பீக்கரை முழங்காலைப் பார்க்க விடாமல் காதை நோக்கிச் சற்றுச் சாய்க்கவும் வேண்டும். ஃபைபர் எந்த வடிவத்துக்கும் வளைந்து கொடுத்து, காய்ந்தபின் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். நம் மீனவர்கள் ஃபைபர் படகில் கடலுக்குப் போவதற்கும், 1953இல் அமெரிக்காவில் கொர்வெட் காரின் முழு உடலையும் ஃபைபரில் செய்ததற்கும் இந்தக் குணமும் ஒரு காரணம்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காரை விற்கும் நாள் வந்தால் பழைய கதவுப் பலகை பழையபடி திரும்பப் பொருந்த வேண்டும். அதனால் ‘கெடாய் போத்தோங்’ ஒன்றில் அதே மாடலின் பழைய பலகைகள் இரண்டை வாங்கி, வெட்டுவதையெல்லாம் அவற்றில் வெட்டினேன்.

18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் ஸ்பீக்கருக்கு வளையம் வெட்டி, சிறு மரக்குச்சிகளை ஊன்றி, வேண்டிய சாய்வில் நிறுத்தினோம். கண்ணாடியை முழுவதும் இறக்கி, ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே குச்சிகளை ஒட்டினோம். வளையத்துக்கும் கதவுப் பலகைக்கும் இடையே ஃப்ளீஸ் துணியை மேளத்தோல்போல் இழுத்து ஒட்டினோம். எங்கே எப்படி வளைய வேண்டும் என்பதை இழுபட்ட துணி தானே தீர்மானித்துக்கொள்கிறது. கணினியில் மூன்று நாள் வரைந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு அழகான வளைவு வந்திருக்காது.

அடுத்தது ரெசின். பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனர் கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணையத் தொடங்கும், கலவை சூடாகும். கிண்ணத்தில் நிறைய விட்டுவைத்தால் புகையே வரும். ஹார்டனரின் அளவு எடையில் 1 முதல் 2 விழுக்காடு. அண்ணனிடம் தராசு இல்லை, புட்டி மூடிதான். காலையில் ஒரு மூடி ஊற்றினார். வெயில் ஏறியதும் முக்கால் மூடிக்கு இறங்கினார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். காலையில் 1.5 விழுக்காடு, மதியம் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். வெப்பநிலை உயர்ந்தால் வினை வேகமாகும் என்று நான் விரிவுரையில் சமன்பாட்டோடு படித்ததை அவர் மூடியிலேயே வைத்திருந்தார்.

“தம்பி, எழுதுறதெல்லாம் அப்புறம் எழுது. இது உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது லா.”

துணியில் ரெசின் தடவிக் காய்ந்ததும் முட்டை ஓடு மாதிரி ஒரு கூடு கிடைத்தது. உள்பக்கமாகக் கண்ணாடி இழைப் பாயைக் கிழித்து வைத்து, ரெசினில் ஊறவைத்து, காற்றுக் குமிழ்களைத் தூரிகையால் குத்திக் குத்தி வெளியேற்றினோம். பாயைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது. பிசிறுள்ள ஓரம் அடுத்த துண்டோடு நன்றாகக் கலந்துவிடும். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். தடிமன் இரண்டு மடங்கானால் வளையாத தன்மை எட்டு மடங்காகும். அதனால் நான்கு அடுக்குப் போடலாமே என்றேன். மூன்றே போதும் என்றார். “தட்டையா வெச்சாதான் பாடும். வளைச்சு வெச்சா அடங்கிடும்.” அதுவும் சரிதான். வளைந்த ஓடு தட்டையான தகட்டைவிட உறுதியானது. எம்டிஎஃப் வளையத்துக்கும் ரெசின் பூசச் சொன்னார். மழைநீர் கதவுக்குள் இறங்கும். நனைந்த எம்டிஎஃப் ரொட்டிபோல் ஊதிவிடும்.

இதைப் படித்துவிட்டு வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் கலக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைப் பறிக்கக்கூடியது. பெரும்பாலான ரெசினில் கோபால்ட் முடுக்கி முன்பே கலந்திருக்கும். அதைத் தனியாக வாங்க நேர்ந்தால் ஹார்டனரோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். ரெசினின் அந்த இனிப்பான கார நெடி ஸ்டைரீன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. காகித முகமூடி தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும்.

அண்ணன் எதையும் போடுவதில்லை. தேய்க்கும்போது மட்டும் கழுத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார். “வாடையே தெரியறது இல்ல தம்பி, பழகிடுச்சு” என்றார். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். அதற்காக ஆவி நுரையீரலுக்குப் போகாமல் இருப்பதில்லை. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இதே ரெசினைத் தொட வேண்டுமென்றால் கண்ணாடி, கையுறை, காற்றுப்போக்கி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அங்கே நான் ஒரு பருவத்துக்கு இரண்டு முறை தொடுவேன். இவர் வாரத்தில் ஆறு நாள் அதிலேயே நிற்கிறார். பாதுகாப்பு விதிகள் இரண்டு மணிநேரம் வந்துபோகிறவனுக்கு இருக்கின்றன, வாழ்நாள் முழுதும் நிற்கிறவருக்கு இல்லை என்பது எனக்கு உறுத்தியது. இரண்டாவது கதவைத் தொடங்கும் முன் வடிகட்டி முகமூடி இரண்டு வாங்கினேன்.

மீதியைச் சொல்ல அதிகமில்லை. புட்டி பூசி, 80, 120, 240 என மணல்தாள் மாற்றித் தேய்த்தோம். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. அவர் பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தார். மேலே கறுப்பு வினைல் ஒட்டினோம். பலகை பிளாஸ்டிக்கை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பதால், திருகாணியைக் கதவின் இரும்புத் தகடு வரை இறக்கி, விளிம்பு முழுதும் நுரைப்பட்டை வைத்து அடைத்தோம். இரண்டு கதவுக்கும் சேர்த்து ரெசின் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே செலவானது.

ஸ்பீக்கர் அதே பழைய 6.5 அங்குல ஸ்பீக்கர்தான், மாற்றவில்லை. விரல் கணுவால் தட்டினால் முன்பு ‘டப்டப்’ என்ற கதவு இப்போது ‘டொக்’ என்று அடங்குகிறது. உறுமியின் உறுமல் வந்துவிட்டது. அப்பாவுக்கு அது தேவையில்லை. அவர் காலைச் செய்திதான் கேட்பார். செய்தி வாசிப்பவரின் குரல் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது கதவு முடியும்வரை அண்ணன் முகமூடி போட்டிருந்தார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அது ஆணியில் தொங்கியது. வாடிக்கையாளரிடம் பேசுவதற்காகக் கழற்றியதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த ரெசின் கிண்ணம் இன்னும் காயவில்லை. அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வடிகட்டி எப்போது மாற்ற வேண்டும் என்று சுவரில் பென்சிலால் தேதி எழுதி வைத்துவிட்டு வந்தேன்.