உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் பேச்சும் நோட்டு எழுத்தும்

கல்லாவியில் பஸ் ஏறி ஓசூர் போய் இறங்குவதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழுந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பேச்சு, நோட்டில் வேறு எழுத்து. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது.

● தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ்க் கட்டுரையில் 'அம்மா கடைக்குப் போனது' என்று எழுதிவிடுவது உண்டு. அது மரியாதைக் குறைவில்லை. தெலுங்கில் அம்மா வந்தாலும் 'வச்சிந்தி'தான், பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'தான். ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் வினைமுற்று ஒன்றே. அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த இலக்கணத்தை ஒழுங்காகவே போட்டிருக்கிறது! கன்னடத்தில் பெண்ணுக்கு 'பந்தளு' என்று தனி முடிவு இருப்பதால் கன்னட வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு இடறுவது ழகரம். இன்றைய கன்னடத்தில் அந்த எழுத்து வழக்கில் இல்லை. இரண்டையும் ஒரே சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. எங்கிருந்து வந்த பிழை என்று தெரிந்தால் ஆசிரியர் அதை அங்கேயே விளக்கிவிடலாம்.

● கோபயாஷி, ரின்னர்ட் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய மாணவர்கள் 48 பேர் ஒரு கட்டுரையை நேரடியாக ஆங்கிலத்திலும், இன்னொன்றை முதலில் ஜப்பானிய மொழியில் எழுதிப் பிறகு ஆங்கிலமாக்கியும் தந்தார்கள். ஆங்கிலம் அவ்வளவாக வராதவர்களுக்கு இரண்டாவது வழிதான் கைகொடுத்தது.

● 2002-இல் வெளியான இன்னோர் ஆய்வில் சீன மாணவர்கள் 16 பேர், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதினார்கள். யோசிக்கவும் வரிசைப்படுத்தவும் தாய்மொழி அதிகம் வந்தது. வாக்கியம் அமைக்கும்போது ஆங்கிலமே முன்னால் நின்றது. ஆகவே ரஃப் நோட்டில் பிள்ளை எந்த மொழியில் குறிப்பெடுத்தாலும் தடுக்காதீர்கள்.

● எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் மாவட்டத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழி தமிழ். கன்னடத்தில் எழுதி 1983-க்கான ஞானபீட விருது பெற்றார். தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் தமிழில் எழுதி 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

● ஒரு மொழியில் வாசித்து, இன்னொரு மொழியில் எழுத வைப்பதை ஒரு பாடமுறையாகவே வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் 1994-இல் விவரித்தார். தளி, கெலமங்கலம் பக்கத்து வகுப்பறைகளுக்கு இது அப்படியே பொருந்தும்: கன்னடத்தில் ஒரு கதை, தமிழில் அதன் சுருக்கம்.