குலுக்கலில் ஒரு வயல்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் மானாவாரியாக விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் பயிர்க் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பயிர் அறுவடைச் சோதனையாகும். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள், முக்கியப் பயிர்களுக்குக் கிராமத்துக்குக் குறைந்தது 4 சோதனைகள் என்றன. அந்த நான்கு வயல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"நடுத்தரமான வயலாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கலாம். ஆனால் கண் பாரபட்சமுடையது. அது பாதையோரத்து வயலையே நாடும். பள்ளத்தில் ஈரம் நின்று விளைந்ததையும், மேட்டுச் சரளையில் வாடியதையும் அது சரியாக எடைபோடாது. ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையிலும் ஓலையை எடுத்தது குலுக்கல்தான். குடத்துக்குப் பதிலாக நமக்கு வாய்த்தது வாய்ப்பு எண் அட்டவணை. 1927இல் டிப்பெட் வெளியிட்ட அட்டவணையில் 41,600 இலக்கங்கள் இருந்தன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பட்டியலில் 137 உளுந்து வயல்கள் உள்ளன. அட்டவணையில் கிடைத்த மூன்றிலக்க எண் 638. அதை 137ஆல் வகுத்தால் மீதி 90. எனவே 90ஆவது வயல். மீதி 0 வந்தால் 137ஆவது வயல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 000 முதல் 999 வரை 1000 எண்கள். 137 × 7 = 959. எல்லா எண்களையும் ஏற்றால் சில வயல்களுக்கு எட்டு வாய்ப்பும் மற்றவற்றுக்கு ஏழு வாய்ப்புமே கிடைக்கும். ஆகவே 000ஐயும் 959க்கு மேற்பட்டவற்றையும் தள்ளிவிட வேண்டும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இதை மறக்கலாகாது.

வயலுக்குள்ளும் வாய்ப்பு எண்களே இடத்தைக் காட்டும். நீளம் 80 மீட்டர், அகலம் 50 மீட்டர் எனில், 0 முதல் 75 வரை ஓர் எண்ணும், 0 முதல் 45 வரை ஓர் எண்ணும் எடுத்து மூலையைக் குறிக்கலாம். அங்கிருந்து 5 மீட்டர் சதுரம் அளந்து அறுப்பார்கள். சதுரம் வரப்பைத் தாண்டாதிருக்கவே 5 மீட்டரைக் கழித்தோம்.

சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் இத்தகையவை 400. சதுரத்தில் 100 கிராம் கூடினால் ஹெக்டேருக்கு 40 கிலோ கூடும். நான்கு வயல்களின் சராசரியில் அது 10 கிலோ. உத்தரவாத மகசூல் 400 கிலோ எனக் கொண்டால், ஊர் முழுவதற்குமான இழப்பீடு காப்பீட்டுத் தொகையில் 2.5 சதவீதம் குறையும். ஒரு கைப்பிடி உளுந்து செய்யும் வேலை இது!

ஆகவே சோதனை நாளில் கிராமத்தார் தராசை மட்டும் பார்த்தால் போதாது. வயலின் எண் எவ்வாறு கிடைத்தது என்றும் கேட்டறிய வேண்டும்.