பழைய அலமாரி – 9: ஒரு நாளைக்கு ஒரு வரம்

லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில், 1902 ஏப்ரல் மாதம் ஷெர்லக் ஹோம்ஸின் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை முடிந்தது. முந்தைய ஆகஸ்ட் மாதத்திலிருந்து வாசகர்களைத் தூங்கவிடாமல் அடித்த தொடர். அதே ஏப்ரலில் இன்னொரு தொடர் ஆரம்பித்தது. அதிலும் ஒரு பிராணி உண்டு. ஆனால் அது யாரையும் துரத்தாது. மணலுக்குள் புதைந்து தூங்கும், எழுப்பினால் சிடுசிடுக்கும். டிசம்பர் வரை ஓடிய அந்தத் தொடர்தான், அந்த வருஷமே 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' என்ற புத்தகமாக வந்தது.

எழுதியவர் ஈ. நெஸ்பிட். இனிஷியலை மட்டும் பார்த்து ஆண் என்று நினைத்தவர்கள் உண்டு; 'ஈ' என்பது எடித். 1858-இல் லண்டன் கென்னிங்டனில் பிறந்தவர். விவசாய ரசாயன நிபுணரான அப்பா, மகளுக்கு நான்கு வயது நிரம்புமுன்பே இறந்துபோனார். 1880-இல் ஹியூபர்ட் பிளாண்டைக் கல்யாணம் செய்துகொண்டார் எடித். கணவரின் தொழில் சீக்கிரமே நொடித்துவிட, வாழ்த்து அட்டைகளுக்கு வண்ணம் தீட்டியும் பத்திரிகைகளுக்குக் கவிதையும் கதையும் எழுதி விற்றும் குடும்பத்தை இழுத்தார். பேனாவால் அடுப்பெரித்த பெண் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த நாவல் இன்னும் நன்றாகப் புரியும்.

கதையில் சிரில், அந்தியா, ராபர்ட், ஜேன் என்று நால்வர். ஐந்தாவது ஒரு கைக்குழந்தை. அவனை எல்லாரும் ஆட்டுக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். லண்டனிலிருந்து கென்ட் மாவட்டத்து நாட்டுப்புற வீடு ஒன்றுக்கு வருகிறார்கள். பக்கத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி, சரளைக்கல் குழி. அப்பா வேலையாக வெளியூர் போகிறார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவும் போகிறார். பிள்ளைகள் ஆஸ்திரேலியா வரைக்கும் பள்ளம் தோண்டிவிடலாம் என்று சரளைக்குழியில் மண்ணைப் பறிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு முன்னால் தட்டுப்படுகிறது சம்மியட் என்ற மணல் தேவதை.

தேவதை என்றதும் சிறகும் வெள்ளை உடுப்பும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். நத்தையைப் போல நீண்ட கொம்புகளின் நுனியில் கண்கள், வௌவால் காது, சிலந்தி போலக் குண்டு உடம்பு, அதன்மேல் மெத்தென்று ரோமம், குரங்கின் கைகால்கள். ஆயிரக்கணக்கான வருஷ வயது. எந்நேரமும் தன் உடல்நிலையைப் பற்றிய புலம்பல். தண்ணீர் பட்டால் ஆகாது. என்றைக்கோ ஒரு மீசைமுடி நனைந்ததை இன்னும் சொல்லிச் சொல்லிக் குமைகிறது. அதன் இனமே அழிந்தது குழந்தைகளால்தான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கடற்கரையில் மணல் கோட்டை கட்டி, சுற்றி அகழி வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே வந்தது. மணல் தேவதைகள் நனைந்து, ஜலதோஷம் பிடித்துச் செத்தன.

ஆதிகாலத்தில் மனிதர்கள் அதனிடம் கேட்டது சாப்பாடு. ராட்சத விலங்குகளை வரமாகப் பெற்றுச் சமைத்தார்கள். மிச்சம் வைத்ததெல்லாம் பொழுது சாய்ந்ததும் கல்லாகிவிட்டது. இன்று பாறைகளில் கிடைக்கும் புதைபடிவங்கள் அவைதான். டார்வினுக்குப் பிறகான இங்கிலாந்தில், சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எவ்வளவு அலட்சியமாக இப்படி ஒரு விளக்கத்தைத் தூக்கிப் போடுகிறார்!

வரத்துக்கு விதிகள் உண்டு. ஒரு நாளைக்கு ஒன்றுதான், எல்லாருக்கும் சேர்த்து. சூரியன் மறைந்ததும் பலன் போய்விடும். இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு இருக்கிறது: மாதப் பத்திரிகையிலிருந்து. தொடர் எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். போன இதழைத் தவறவிட்டவருக்கும் இந்த இதழ் புரிய வேண்டும். ஒரு குழப்பம் மூண்டு, முற்றி, பக்கக் கணக்குக்குள் அடங்க வேண்டும். அடுத்ததற்குக் களம் காலியாக இருக்க வேண்டும். சூரிய அஸ்தமனம் இந்த மூன்றையும் முடித்துக் கொடுக்கிறது. மாயத்துக்கு எல்லைகள் வேண்டும், அவற்றுக்குள்தான் சுவாரசியம் என்பது பின்னால் வந்த குழந்தைகள் நாவல்களின் பாலபாடமாகிவிட்டது. அமெரிக்காவில் எட்வர்ட் ஈகர், கேட்டதில் பாதியை மட்டும் தரும் காசை வைத்து 1954-இல் 'ஹாஃப் மேஜிக்' எழுதினார். நெஸ்பிட்டின் கடனாளி என்பதை அவர் மறைக்கவே இல்லை. சி. எஸ். லூயிஸ் சிறுவயதில் நெஸ்பிட்டைப் படித்து வளர்ந்தவர். வீட்டுச் செலவுக்காக எழுதிய ஒருத்தி, இதழின் பக்கக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வகுத்த சட்டத்தில்தான் லூயிஸின் நார்னியா வரைக்கும் போகிற பாதை தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

வரங்களில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. பணம் வேண்டும் என்கிறார்கள். சரளைக்குழி நிறையத் தங்கக் காசு. ஆனால் அத்தனையும் கின்னி; புழக்கத்திலிருந்து ஒழிந்து எண்பது வருஷத்துக்கு மேலாகிவிட்ட நாணயம். பை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். கடைக்காரர்கள் காசைப் பார்க்கிறார்கள், பிறகு பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்: அழுக்குக் கை, புழுதிக் கால், கை நிறையத் தங்கம். ஒருவரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். பசி தாங்காமல் ஒரு ரொட்டிக் கடையில், முதலில் அழுக்குக் கையால் பன்னை எடுத்துக் கடித்துவிட்டுப் பிறகுதான் காசை நீட்டுகிறார்கள். குதிரைவண்டி வாங்கப் போன இடத்தில் போலீஸ் வருகிறது. ஸ்டேஷனில் பையைக் காட்டச் சொல்லும்போது சூரியன் மறைந்திருக்கிறது, பை காலி. பணம் இருந்தால் மட்டும் போதாது, பணம் வைத்திருக்கத் தகுந்தவன் என்று ஊர் ஒப்புக்கொள்ளும் தோற்றமும் வேண்டும். இதை ஒரு வார்த்தை பிரசங்கம் பண்ணாமல், பன்னையும் அழுக்குக் கையையும் வைத்தே சொல்லிவிடுகிறார்.

மற்ற வரங்களும் இப்படித்தான் காலை வாருகின்றன. அழகு கேட்டார்கள், அடையாளம் தெரியாமல் ஆட்டுக்குட்டி அலறினான், வேலைக்காரி மார்த்தா வீட்டுக்குள் விடவில்லை, மத்தியானச் சாப்பாடு போச்சு. சிறகு கேட்டார்கள்; பாதிரியார் வீட்டுச் சமையலறையிலிருந்து உணவைத் திருடி, காசும் விளக்கக் கடிதமும் வைத்துவிட்டு, மாதாகோயில் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். விழித்தபோது சிறகு இல்லை, கீழே இறங்கும் கதவு பூட்டியிருக்கிறது. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் இருக்க ஆசைப்பட்ட அன்று, மார்த்தா பரிமாறிய சாப்பாடு வாய்க்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மாயம் எத்தனை பெரிதானாலும் நெஸ்பிட்டின் கதையில் சாப்பாட்டு மணி அடித்தே தீரும்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பழைய சொந்தமும் உண்டு. ஜாவர் சீதாராமன் பூதமாக வந்த 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்துக்குத் தூண்டுதல் 1964-இல் வந்த 'தி பிராஸ் பாட்டில்' என்ற ஹாலிவுட் படம். அதற்கு மூலம் எஃப். ஆன்ஸ்டி 1900-இல் எழுதிய நாவல். அதுவும் ஸ்ட்ராண்டில் தொடராக வந்ததுதான். படம் வரைந்தவரும் சம்மியட்டுக்கு உருவம் கொடுத்த அதே எச். ஆர். மில்லர். கேட்காததையெல்லாம் கொடுத்து எஜமானனைச் சிக்கலில் மாட்டும் பூதமும், கேட்டதையே கொடுத்துச் சிக்கலில் மாட்டும் மணல் தேவதையும் இரண்டு வருஷ இடைவெளியில் ஒரே பத்திரிகையில் பிறந்தவர்கள்.

புத்தகத்தை எடித் தன் மகன் ஜான் பிளாண்டுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். ஆட்டுக்குட்டி அவன்தான். ஜானைப் பெற்றவர் எடித் அல்ல. அந்த வீட்டிலேயே தங்கியிருந்த தோழி ஆலிஸ் ஹோட்சன். அப்பா ஹியூபர்ட். ஆலிஸுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் எடித் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். நாவலில் ஓர் எரிச்சலான காலைப்பொழுதில், இந்தக் குழந்தையை வேறு யாராவது வேண்டுமென்று கேட்க மாட்டார்களா என்று ராபர்ட் சொல்லிவிட, அது வரமாகிவிடுகிறது. வழியில் பார்த்தவர்களெல்லாம் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் துடிக்கிறார்கள். அக்கா அண்ணன்மார்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போராடுகிறார்கள். சமர்ப்பணத்தின் கதை தெரிந்த பிறகு இந்த அத்தியாயத்தை வெறும் வேடிக்கையாகப் படிக்க என்னால் முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஜிப்சிகளையும் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் அவர் வரைந்திருப்பது அந்தக் காலத்து மலிவான பொம்மைச் சித்திரம். இன்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது நிறுத்திப் பேச வேண்டிவரும். வேலைக்காரர்கள் சிரிப்புக்காகவே வருகிறார்கள். இத்தனைக்கும் 1884-இல் ஃபேபியன் சோஷலிசச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் எடித்தும் ஹியூபர்ட்டும் உண்டு; ஒரு மகனுக்கு ஃபேபியன் என்றே பெயர் வைத்தவர்கள்.

அந்தச் சோஷலிஸ்ட் நாவலில் ஒளிந்திருக்கும் இடம் கடைசி அத்தியாயம். இனி வரமே கேட்க மாட்டோம் என்று பிள்ளைகள் வாக்குக் கொடுக்கிறார்கள். பெரியவர்களிடம் மட்டும் என்னைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள் என்கிறது சம்மியட். பெரியவர்கள் இறக்கையா கேட்பார்கள்? வருமானத்துக்கு ஏற்றபடி ஏறும் வரி, முதியோர் பென்ஷன், ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு, இலவச உயர்நிலைக் கல்வி என்று கேட்பார்கள். பொழுது சாய்ந்தாலும் அவை மறையாதபடி வழியும் கண்டுபிடித்துவிடுவார்கள். உலகமே தலைகீழாகிவிடும் என்று பயப்படுகிறது.

1902-இல் இவை நான்கும் பிரிட்டனில் கோரிக்கைகள் மட்டுமே. பென்ஷன் சட்டம் 1908-இல் வந்தது. ஏறும் வரி 1909 பட்ஜெட்டில். ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு 1918-இல். முப்பது வயது தாண்டிய பெண்களில் பெரும்பாலோருக்கும் அதே சட்டம் ஓட்டுக் கொடுத்தது. சம்மியட்டின் பட்டியலில் பெண்கள் இல்லை, எடித்தும் பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்தோடு சேர்ந்து நிற்கவில்லை. இலவச உயர்நிலைக் கல்வி 1944-இல் சட்டமானபோது அவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

சம்மியட்டை மறுபடி பார்க்க வாசகர்கள் 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அது லண்டனில் ஒரு பிராணிக் கடையில் விலைக்கு இருந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)