விலாங்குத் தீவின் இரண்டு எழுத்துகள்

புள்ளிக்கு இருபுறம் – 9

எஃப்பி டாட் காம் என்ற பெயருக்காக அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்புக்கு பேஸ்புக் 85 லட்சம் டாலர் கொடுத்ததோடு சென்ற வாரம் நிறுத்தினேன். வாங்கியே தீரவேண்டிய ஒருவர் வந்து நின்றால்தான் பெயருக்கு விலை. அது நினைவிருந்தால் போதும்.

இணையப் பெயர்களுக்குத் தானாக விலை போடும் கணிப்புக் கருவிகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்கா மகனிடமிருந்து போன் வந்தது. "மாமா, டாட் ஏஐ-ல ஆறு பேர் வாங்கிப் போட்டிருக்கேன். எவ்வளவுக்குப் போகும்?"

அவனுக்குப் பதில் சொல்வதற்காக, ஏஐ என்ற இரண்டு எழுத்தும் யாருடையவை என்று பார்க்கப் போனேன். மூன்று நாளாக அதிலேயே கிடக்கிறேன்.

டாட் ஏஐ செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் சொத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நமக்கு டாட் இன் எப்படியோ, அப்படி கரீபியக் கடலில் இருக்கும் அங்குவிலா தீவுக்கு டாட் ஏஐ. சுமார் பதினாறாயிரம் பேர் வாழும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி அது. மெலிந்து நீண்ட தீவு என்பதால் விலாங்கு மீனின் பெயரை வைத்தார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள்: அங்குவிலா என்ற சொல்லுக்குள்ளேயே விலாங்கு இடம்மாறிக் கிடக்கிறது. தற்செயல்தான். ஆனாலும் அதைக் கண்ட அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு தரும் பட்டியலின் பெயர் ஐஎஸ்ஓ 3166. முதலில் வெளியானது 1974இல். இணையம் தன் நாட்டுப் பெயர்களைப் பிற்பாடு அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் ஏஐ முதலில் இருந்தது ஆப்பிரிக்காவில்! பிரான்சின் பிடியில் இருந்த ஒரு நிலப்பகுதிக்கு, அங்கு வாழும் அஃபார், இஸ்ஸா என்ற இரு மக்களின் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அஃபாரின் ஏ, இஸ்ஸாவின் ஐ. 1977 ஜூனில் அது விடுதலை பெற்று ஜிபூட்டி ஆனது. குறியீடும் டிஜே என்று மாறியது. ஏஐ ஆளில்லாத வீடாயிற்று.

அதே காலத்தில் அங்குவிலா தனிக் கணக்கிலேயே இல்லை. செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளோடு அதைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தீவு மக்களுக்கு அது பிடிக்கவில்லை. 1967 மே மாதம் செயின்ட் கிட்ஸ் போலீசாரைத் தீவைவிட்டே அனுப்பிவிட்டார்கள். 1969 மார்ச்சில் பிரிட்டன் படையை இறக்கியது. அந்தச் சின்னத் தீவு பணியவில்லை. 1980 டிசம்பரில் முறைப்படி பிரிந்தது. தனியாக வந்த பிறகு தனிக் குறியீடு வேண்டுமே? ஏஎன் நெதர்லாந்து அண்டிலிசிடம் இருந்தது. ஏஐ காலியாகக் கிடந்தது.

அன்று அவர்கள் எதிர்த்து நிற்காமல் இருந்திருந்தால் இன்று செயின்ட் கிட்சின் டாட் கேஎன்-னுக்குள் இருந்திருப்பார்கள். ஜிபூட்டி பழைய பெயரிலேயே தொடர்ந்திருந்தால் இந்தப் பணமெல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கும். சாட்ஜிபிடி வந்ததற்கு அடுத்த ஆண்டு, 2023இல், அங்குவிலா இந்த இரண்டெழுத்தால் ஈட்டியது சுமார் 3.2 கோடி டாலர். அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அறுபதுகளில் சாலையில் இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது போய்ச் சேர்வதில் எனக்கு நிறைவு.

இனி மருமகனின் ஆறு பெயர்கள்.

மனை வாங்கும்போது பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்போம். இங்கும் முதல் வேலை அதுதான். 2023இல் யூ டாட் ஏஐ ஏழு லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதை வைத்துத்தான் மருமகன் கனவு காண்கிறான். 'யூ' மூன்றெழுத்து, ஆங்கிலம் தெரிந்த எல்லார் வாயிலும் புழங்கும் சொல். இவன் பெயர்கள் இரண்டு சொற்களை ஒட்டியவை. ஒன்றில் நடுவே கோடு வேறு. போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் தவறில்லாமல் எழுதிக்கொள்ள முடியுமா என்பது இந்தத் தொழிலின் பழைய சோதனை. எனக்கே இரண்டு பெயரை அவன் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது வைத்திருக்கும் செலவு. விலை கேட்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். டாட் காம் என்றால் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டாலரோடு போகும். டாட் ஏஐ-க்கு அவன் கட்டியது பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 140 டாலர். ஆறுக்கும் 840, நம் கணக்கில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆள் வரும்வரை பத்தாண்டு காத்திருந்தால் 4,200 டாலர். எந்தப் பெயர் எவ்வளவு பெறும் என்று கேட்பதற்கு முன், இந்தத் தொகையைக் கழித்தும் மிஞ்சுமா என்று கேட்கவேண்டும்.

புள்ளிக்கு இடப்பக்கம்தான் அவனுடையது. வலப்பக்கம் என்றைக்கும் அவனுடையது ஆகாது. கட்டணத்தை ஏற்றினால் கட்டவேண்டும். குறியீடே போனால் பெயரும் போய்விடும். நெதர்லாந்து அண்டிலிஸ் 2010இல் கலைந்தது. 2015இல் டாட் ஏஎன் இணையத்திலிருந்தே நீக்கப்பட்டது. சாகோஸ் தீவுகளை மொரீஷியசிடம் ஒப்படைக்கப்போவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததும், அந்தத் தீவுகளின் டாட் ஐஓ-வில் பெயர் வைத்திருந்தவர்கள் கலங்கியது இதனால்தான்.

நடுவே கோடு போட்டதையும், காதில் நிற்காத இன்னொன்றையும் புதுப்பிக்காதே என்று சொல்லிவிட்டேன். மீதி நான்கையும் மூன்று கணிப்புக் கருவிகளில் போட்டுப் பார்த்தோம். ஒரே பெயருக்கு மூன்றும் மூன்று விலை சொல்லின. சென்ற வாரம் சொன்ன அந்தக் கருவிகளின் கணக்கை, இந்த நான்கு பெயர்களை வைத்தே அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)